மேலட்டையின் அழகும் கடுக்காயின் பங்கும்

சேர்வராயன் மலைச்சரிவுகளில், ஏற்காட்டை நோக்கி ஏறும் இலையுதிர் காடுகளில், கடுக்காய் மரம் இயல்பாக வளர்கிறது. கீழே, சேலத்து வறண்ட சமவெளியில், ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. மலையின் காயும் சமவெளியின் பட்டையும் சேர்ந்தே தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழிலை நெடுங்காலம் தாங்கின. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முஸ்லிம் வணிகர்கள் கடல் கடந்து விற்ற தோல் இவ்வகையில் பதனிடப்பட்டதே. ஆயினும், இஸ்லாமிய நூற்கட்டுக் கலையைப் போற்றி எழுதும்போது இந்தக் காயையும் பட்டையையும் நாம் நினைப்பதில்லை. இது சிறிய மறதி அன்று; நமது கலைமதிப்பீட்டையே ஒருபக்கமாகச் சாய்த்துவிட்ட குறை என்று கருதுகிறோம்.

மேலட்டையின் நடுவே பாதாம்பருப்பு வடிவப் பதக்கம், நான்கு மூலைகளிலும் அதற்கு இயைந்த துண்டுகள், ஏடுகளின் ஓரத்தைக் காக்க மடியும் 'லிசான்' என்னும் நாவு ஆகியவற்றை நாம் விரிவாக வருணிக்கிறோம். ஈரமூட்டிய தோலில் சிறு அச்சுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பின்னல்கோலம் எழுப்பிய கைத்திறனையும், முட்டை வெண்கரு தடவிய இடத்தில் பொன்ரேக்கை வைத்துச் சூடான கருவியால் பதித்த நுட்பத்தையும், ஹிராத் நகரத்தார் உள்ளட்டைத் தோலை வலைபோல் கத்தரித்து வண்ணப் பின்னணியில் ஒட்டிய அருமையையும் வியக்கிறோம். வியப்பு நியாயமானதே. ஆனால், அழுத்திய தடம் ஏன் அழியாமல் நின்றது என்ற வினாவை எழுப்புவதில்லை. தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் நீரை ஏற்று இளகும். உலர்ந்தபின் தடத்தை விடாது. இன்று பெருவழக்கான குரோம் தோலில் அத்தகைய தடம் நன்கு நிலைப்பதில்லை. கருவி கையில் எடுக்கப்படும் முன்பே ஒப்பனையின் ஆயுள் பதனிடும் தொட்டியில் முடிவாகிவிடுகிறது.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். இறந்த ஆட்டின் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நபிகள் நாயகம் (ஸல்) வினவிய செய்தி ஸஹீஹான நூல்களில் உள்ளது. நீரும், 'கரழ்' எனப்படும் கருவேல இனப் பொருளும் அத்தோலைத் தூய்மையாக்கும் என்று மற்றோர் அறிவிப்பு கூறுகிறது. பதனிடும் பொருளையே பெயர் சுட்டிச் சொன்ன மரபு நம்முடையது. முவஹ்ஹிதீன் ஆட்சிக்கால ஸ்பெயினில் அல்-இஷ்பீலியும், 1619இல் மொராக்கோவில் அஸ்-ஸுஃப்யானியும் எழுதிய நூற்கட்டுக் கையேடுகள், வேலை செய்பவனின் கண்கொண்டு இக்கலையை நோக்குகின்றன. நாமோ பார்வையாளனின் கண்ணோடு நின்றுவிட்டோம்.

இதன் விளைவை வேறிடத்தார் கண்டறிந்தனர். நூற்கட்டுத் தோல்கள் ஏன் விரைவில் சிதைகின்றன என்று ஆராய இலண்டன் கலைக் கழகம் அமைத்த குழு 1901இல் தன் அறிக்கையை அளித்தது. மலிவான நூற்கட்டுக்குப் பயன்பட்ட கிழக்கிந்திய ஆட்டுத்தோல்களை அது மிக மோசமானவை என்று தீர்ப்பளித்தது; ஓராண்டுக்குள்ளேயே சிதைவு தொடங்கியதையும் குறிப்பிட்டது. சென்னை மாகாணத்திலிருந்து போன அத்தோலுக்குச் சந்தையில் வழங்கிய பெயர் 'பாரசீகத் தோல்' என்பது வேதனை கலந்த வேடிக்கை.

காரணம் ஆவாரம்பட்டையின் துவர்ப்புச் சத்து. அவ்வகைத் துவர்ப்பால் பதனிட்ட தோல் ஒளியில் சிவக்கும். காற்றிலுள்ள கந்தகப் புகையை ஏற்றுக் காலப்போக்கில் செந்தூளாக உதிரும். அக்குழு மெச்சிய சும்மாக், அரபுப் பெயரோடு ஐரோப்பா சென்ற பொருள். நமது கடுக்காயின் துவர்ப்பு அதன் வகையைச் சேர்ந்தது. ஆனால் நம் தொழிலில் ஆவாரம்பட்டையே தோலுக்கு உடல் தந்தது. கடுக்காய் நிறம் வெளிறித் தோன்றுவதற்காக இறுதியில் சேர்க்கப்பட்டது. நூலைக் காத்திருக்கக்கூடிய பொருள் மேற்பூச்சின் அளவிலே நின்றது.

தொழிலாளர்மீது குற்றம் சுமத்துவது நம் நோக்கமன்று. செருப்புக்கும் கவலைப் பறிக்கும் ஆவாரைத் தோல் மிகப் பொருத்தமானது. சாயமிடுவதில் அமிலத்தைக் கையாண்டதும், விளக்கு வாயுவின் புகையும் கேட்டை மிகுத்தன என்பதை அதே குழு சுட்டியது. குறை, எந்தத் தோல் எதற்கு என்ற அறிவு, தோல் விற்ற நமக்கும் நூல் வாசித்த நமக்கும் இடையே பாலமாக அமையாததே.

மதரஸாக்களிலும் இல்லங்களிலும் உள்ள பழைய கிதாபுகளையும் அரபுத்தமிழ் ஏடுகளையும் மறுகட்டுச் செய்யும்போது, நைந்த தோலட்டையை எறிந்துவிட்டு ரெக்சின் உறை போடுகிறோம். உள்ளிருக்கும் எழுத்தே நூல் என்று எண்ணுவதால் நேரும் இழப்பு இது. அந்த அட்டையின் நிறமும் உதிர்வும் தடமும், அது எந்த மரத்தின் துவர்ப்பை உண்டது என்பதற்குச் சான்று கூறக்கூடியவை. மறுகட்டுச் செய்வோர் பழைய அட்டையைத் தாளில் சுற்றி நூலோடு சேர்த்து வைக்கட்டும்; எண்ணெயோ மெருகோ தடவ வேண்டாம். நூற்கட்டைப் பற்றி எழுதுவோர் கோலத்தை வருணிக்குமுன் தோலைத் தொட்டுப் பார்க்கட்டும். ஒப்பனையின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது.