அழியா மரபு யாது? சுப்பர்மேன் திரைப்படங்கள் குறித்து ஓர் ஆய்வு

பழைய கதைத்தலைவன் ஒருவனைப் புதிய தலைமுறையின் முன்னே மீண்டும் கொணர்ந்து நிறுத்துவோன் இரு திறத்தாரின் கண்டனத்துக்கும் ஆளாகின்றான். பழமையைப் பேணினால், இஃது இக்காலத்துக்கு ஒவ்வாது என்பர் ஒரு சாரார். புதுமை செய்தால், இவன் எங்கள் தலைவன் அல்லன் என்பர் மற்றொரு சாரார். அமெரிக்கச் சித்திரக்கதை வீரருள் முதல்வனாகிய சுப்பர்மேனை வைத்து எடுக்கப்பட்ட படங்கள் பற்றி அந்நாட்டு இரசிகரிடையே நெடுங்காலமாக நிகழும் வழக்கு இத்தகையதே. 2013ஆம் ஆண்டின் படத்தோடு அது பகைமையாகவே முற்றிற்று. 2025ஆம் ஆண்டின் படத்தோடு மீண்டும் கிளர்ந்தது. சிறுவர் விளையாட்டென்று இதனைப் புறந்தள்ளுவார் நம்மிடையே உளர். அளவிறந்த வலிமை உடையவன் ஒருவனை மக்கள் எதனைக் கொண்டு நம்புவது என்னும் வினா இவ்வழக்கின் அடியிற் கிடக்கின்றமையால், இதனை ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டோம்.

வழக்காடுவோர் எல்லோரும் மூலத்தின் மேல் ஆணையிடுகின்றனர். அம்மூலந்தான் யாது? ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லன்ட் நகரில் வாழ்ந்த ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் இரு யூத இளைஞர், குடியேறிவந்த பெற்றோரின் மைந்தர், படைத்த வீரன் அவன். 1938 ஜூன் மாதத்து ‘அக்‌ஷன் கொமிக்ஸ்’ முதல் இதழில் அவன் வெளிவந்தான். அவனுக்குரிய உரிமை முழுவதையும் அவ்விருவரும் 130 டொலருக்கு விற்றுவிட்டனர் என்பது பதிப்புலகின் துயரக் கதைகளுள் ஒன்று. அம்முதல் இதழின் சுப்பர்மேன் பறக்க அறியான். நெடுந்தூரம் தாவவே வல்லன். குற்றமற்ற பெண்ணொருத்தியை மரண தண்டனையினின்று மீட்கும்பொருட்டு ஆளுநரின் இல்லத்தினுள் நள்ளிரவிற் கதவுடைத்துப் புகுகின்றான்; மனைவியை அடிப்பவனை ஒறுக்கின்றான்; செனற்றர் ஒருவரைத் தன்வசப்படுத்த முயலும் சூழ்ச்சிக்காரனை நடுங்கவைக்கின்றான். பறத்தல் பின்வந்தது. அவனை வலியிழக்கச் செய்யும் கிரிப்டனைற் என்னும் கல்லோ வானொலி நாடகத்தில் 1943இற் பிறந்தது. கொல்லாமை விரதமும் பதிப்பாளர் பின்னர் விதித்ததே. தொடக்க இதழ்களில் பகைவர் உயிரைப் பற்றி அவன் பெரிதும் கவலைப்பட்டவனாகத் தோன்றவில்லை. எனவே மூலம் என்று சுட்டப்படுவது ஒரே நாளிற் சமைந்த பொருளன்று. ஒவ்வோர் இரசிகரும் தாம் சிறுபிராயத்திற் கண்ட வடிவத்தையே மூலம் என்று கொள்கின்றனர்.

அவ்வாறாயின் எவரும் எதனையும் மாற்றலாமோ எனின், அதுவும் பொருந்தாது. வழிநூலுக்கு நம் இலக்கணநூலார் வகுத்த விதி இவ்விடத்திற் பெரிதும் துணைசெய்கின்றது. பின்னோன் தான் வேண்டிய வேறுபாடுகளைக் கூறலாம் என்று இடங்கொடுத்த நன்னூலார், மரபு அழியலாகாது என்றும் ஒருங்கே வரம்பிட்டார். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்குகின்றான்; கம்பனோ பன்னசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கச் செய்தான். இம்மாற்றத்தால் இராமகாதை அழிந்தது என்று எவரும் உரைத்திலர். வேறுபாடு உண்டா இல்லையா என்பது பற்றிச் சண்டையிடுவது வீண். இக்கதைக்கு அழியா மரபாக அமைவது யாது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

அது உடை அன்று. சுப்பர்மேன் உள்ளாடையை வெளியே அணிந்தவன் என்னும் பழைய பகடியை அறியாதார் இலர். பண்டைச் சர்க்கஸ் மல்லரின் கோலத்தைத் தழுவிய அச்சிவப்புக் குறுங்காற்சட்டை சித்திரக்கதையில் 2011இல் நீக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டின் படத்தில் இல்லை. சித்திரக்கதையில் 2018இலும் திரையில் 2025இலும் மீண்டும் வந்தது. இதன்பொருட்டு இரசிகர் செலவிட்ட மையும் மூச்சும் கொஞ்சமல்ல. அதுபற்றி இவ்வளவே போதும்.

அழியா மரபை அறிதற்கு 1939இல் வெளிவந்த ‘அக்‌ஷன் கொமிக்ஸ்’ எட்டாம் இதழின் கதையொன்றே சிறந்த சான்று. வறியோர் வாழும் சேரியிற் பிள்ளைகள் தீயவழிப்படுவதற்கு அவ்விழிந்த குடியிருப்புக்களே காரணம் எனக் கண்ட சுப்பர்மேன், அவற்றைத் தன் கையாலேயே இடித்துத் தரைமட்டமாக்குகின்றான். அரசாங்கம் அவ்விடத்திற் புதிய வீடுகளைக் கட்டிக்கொடுக்கவேண்டியதாகின்றது. எங்கள் சுப்பர்மேன் நகரை இடிப்பானோ என்று 2013இற் கொதித்தெழுந்த இரசிகர்க்கு இக்கதை வியப்பளிக்கலாம். ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இடிப்பதற்கு முன்னர் அங்கு வாழ்வோரை அவன் வெளியேற்றிவிடுகின்றான். சட்டத்தை மதியாத, படைகளோடும் மோதத் தயங்காத அம்முரட்டு வீரனுடைய கண், முதலிற் சென்று படிவது சுவரின்மேல் அன்று, சுவருக்குள் இருக்கும் மனிதன்மேல். பறந்தாலும் தாவினாலும், சிரித்தாலும் கவன்றாலும், இந்தக் கண்ணோட்டத்தின் வரிசைமுறை மாறாதவரை அவன் சுப்பர்மேனே என்பது எமது துணிபு.

இவ்வளவுகோலைக் கொண்டு படங்களை நோக்குவோம். 1978இல் ரிச்சர்ட் டொனர் நெறிப்படுத்திய படம் பலர்க்கு இன்றும் இலக்கணமாக விளங்குகின்றது. அதன் பெருமையிற் பெரும்பங்கு கிறிஸ்ரோபர் றீவ் என்னும் நடிகருக்கு உரியது. லோயிஸ் லேனின் இல்லத்திற் செய்தியாளன் கிளார்க் கென்ற் தனித்து நிற்கும் ஒரு சிறு காட்சி உண்டு. உண்மையைச் சொல்லிவிட எண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகின்றான், கூனிய முதுகு நிமிர்கின்றது, குரல் ஆழ்கின்றது, ஆள் உயர்ந்தது போலவே தோன்றுகின்றது. அவள் திரும்பி வரவும் துணிவிழந்து மீண்டும் குறுகிப்போகின்றான். தந்திரக்காட்சி ஒன்றுமின்றி உடம்பாலேயே செய்த மாற்றம் இது. கண்ணாடி அணிந்தவனை ஒருவரும் அடையாளங் காணாதது எங்ஙனம் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்ட வினாவுக்கு வேறு விடை வேண்டியதில்லை.

அப்படத்தில் வளர்ப்புத் தந்தை ஜொனதன் கென்ற் மாரடைப்பால் இறக்கின்றார். இத்தனை ஆற்றல் இருந்தும் தந்தையைக் காக்க முடியவில்லையே என்று மைந்தன் புலம்புகின்றான். வலிமைக்கு எல்லை உண்டு என்பதை அவன் கற்றுக்கொண்ட இடம் அது. பின்னர் நிலநடுக்கத்தில் லோயிஸ் மாண்டபோது உலகைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்செலுத்தி அவளை மீட்கின்றான். இம்முடிவைப் பலர் எள்ளுவர். கற்றதனை ஒரு கணத்தில் அழித்துவிடுகின்றமையால் எமக்கும் அஃது உவப்பன்று. இரண்டாம் படத்திலோ வலியிழந்த பகைவன் சொட் ஆழ்பள்ளத்தில் வீசப்படுகின்றான். தன்னை அடித்த முரடன் ஒருவனை உணவகத்திலே தேடிச்சென்று சுப்பர்மேன் பழிதீர்க்கின்றான். அன்று இவற்றைக் கண்டு சிரித்து மகிழ்ந்தோரே 2013இற் கொல்லாமை பேசினர் என்று எதிர்ப்பக்கத்தார் இடித்துரைப்பதில் நியாயம் உண்டு. 2006இல் வெளிவந்த ‘சுப்பர்மேன் றிற்றேர்ன்ஸ்’ டொனரின் நிழலிலேயே நின்றுவிட்டது. பற்றுதல் ஒன்றே படைப்பாகாது என்பதற்கு அது சான்று.

இனி, ஸக் ஸ்னைடரின் 2013ஆம் ஆண்டுப் படமாகிய ‘மான் ஒப் ஸ்ரீல்’. இறுதிப் போரில் மெட்ரோபொலிஸ் நகரின் பெரும்பகுதி இடிகின்றது. புகையிரத நிலையத்திற் குடும்பமொன்றைத் தன் கண்ணெரியால் எரிக்க முற்படும் சொட்டின் கழுத்தைச் சுப்பர்மேன் முறிக்கின்றான். இக்கொலையைக் குறித்தே கூச்சல் மிகுந்தது. ஆயின் சித்திரக்கதையிலேயே இதற்கு முன்னோடி உண்டு. 1988இல் ஜோன் பேண் எழுதிய கதையில், வேறோர் உலகை அழித்த மூவரைச் சுப்பர்மேன் தானே தீர்ப்பிட்டுக் கொல்கின்றான். அது நெடுநாள் அவன் மனத்தை வருத்துவதாகவும் கதை தொடர்ந்தது. ஒரு குடும்பத்தின் உயிருக்கும் ஒரு கொடியவன் உயிருக்கும் இடையில் நிற்பவன் கைசெய்ததை மரபழிவு என்று யாம் கூறோம்.

குற்றம் அதற்கு முன்னும் பின்னும் உள்ளது. நகரின் பெருஞ்சிதைவு நிகழுங்கால் அவன் இந்துசமுத்திரத்தில் மற்றொரு பொறியை அழித்துக்கொண்டிருந்தான் என்று ஆதரவாளர் வாதிப்பது உண்மையே. சிமோல்வில் ஊரில் மக்களை உள்ளே செல்லுமாறு அவன் எச்சரிப்பதும் உண்மை. எனினும் சொட்டோடு தனிப்போர் தொடங்கியபின், மாடங்கள் ஒவ்வொன்றாக உடைந்து விழ, அவற்றுள் இருப்போரைப் படப்பிடிப்பும் நோக்கவில்லை, வீரனும் நோக்கவில்லை. அந்நால்வர் குடும்பத்தைத் திடீரென்று ஈற்றிலே கொணர்ந்து நிறுத்துவதால், அவர்கள் மனிதராகத் தோன்றாது கழுத்தை முறிப்பதற்கு வேண்டிய காரணமாகவே தோன்றுகின்றனர். முறித்தபின் அவன் கதறுகின்றான், நன்று. ஆனால் அடுத்த காட்சியிலேயே பாழ்பட்ட நகரின் புழுதி அடங்குமுன், வீரனின் அழகைக் குறித்துப் படைப்பெண்ணொருத்தி நகைச்சுவை பேசுகின்றாள். 1988இன் கதை சுமந்த பாரத்தை இப்படம் ஒரு வெட்டில் இறக்கிவைத்துவிட்டது.

தந்தையின் பாத்திரமும் அவ்வாறே திரிந்தது. நீரில் அமிழ்ந்த பேருந்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளை மீட்ட மகன், அவர்களைச் சாகவிட்டிருக்க வேண்டுமோ என்று கேட்க, ஒருவேளை அப்படித்தான் என்னும் பொருள்பட விடைதருகின்றார் இந்த ஜொனதன். பின்பு சுழற்காற்றிற் சிக்கித் தம்மைக் காக்க வேண்டாம் என்று கையசைத்து மறைகின்றார். 1978இல் மகனாற் காக்க முடியவில்லை. 2013இற் காக்க முடிந்தும் காக்கவில்லை. தகப்பனின் அச்சம் மனித இயல்புக்கு ஒத்ததே. அதனை யாம் பழிக்கோம். ஆனால் இவ்வளர்ப்பிலிருந்து, பிறர் துயர் காணின் முதலில் ஓடும் ஒருவன் எங்ஙனம் உருவாவான் என்பதற்குப் படம் விடைகூறவில்லை.

வாலிவதத்தைக் கம்பன் மறைக்கவில்லை. மறைந்துநின்று எய்த இராமனை, வீழ்ந்துகிடக்கும் வாலி வாயாலேயே நிறுத்திக் கேட்கவைத்தான். பட்டிமன்றங்களில் இன்றும் அவ்வழக்கு ஓயாதது கம்பன் அக்கேள்விக்கு முழு இடங்கொடுத்த காரணத்தாலன்றோ? ஸ்னைடர் படத்தில் அக்கேள்வியைக் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அவரே அதனை உணர்ந்தார் போலும். 2016இல் வெளிவந்த அடுத்த படத்தின் தொடக்கத்தில், இடியும் நகரினுள்ளே தன் ஊழியரைத் தேடி ஓடும் புறூஸ் வேயின் நின்று வானத்தை நோக்குகின்றான். வீரர் போரைத் தரையிலிருந்து காண்கின்றோம். ஸ்னைடர் எடுத்தவற்றுள் எமக்கு மிக்குத் தோன்றும் பகுதி இதுவே. மூன்றாண்டு பிந்தி வந்தது என்பதே குறை.

2025இல் ஜேம்ஸ் கன் எழுதி நெறிப்படுத்திய படத்தில், பெரும்பூதமொன்றோடு பொருதும் நேரத்திற் சுப்பர்மேன் ஓர் அணிலைக் காப்பாற்றுகின்றான். இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று நகைத்தவர் பலர். 1939இன் கண்ணோட்டம் திரும்பிவந்த இடம் என்று யாம் கொள்கின்றோம். அணில் சற்று மிகையே. ஆயினும் மிகை தவறிய திசையில் அன்று. அதனினும் மேலானது லோயிஸ் அவனை நேர்காணும் காட்சி. ஒரு நாடு மற்றொன்றின்மேற் படையெடுக்க முயன்றதைத் தானே சென்று தடுத்த வீரனிடம், யார் ஏவலால், யாரைக் கலந்து செய்தாய் என்று காதலியே செய்தியாளராய் அமர்ந்து வினவுகின்றாள். அவன் விடையளிக்கமாட்டாது வெகுள்கின்றான். மக்கள் மடியவிருந்தனர் என்பது ஒன்றே அவன் வாதம். வாலியின் வினாவை அன்புடையாள் ஒருத்தி வாயில் வைத்தது நல்ல நாடகம். அவள் வினா அவன் விடையால் முற்றும் ஆறிவிடவில்லை, அதுவும் நன்றே. குடிவரவாளர் என்று அவனைச் சுட்டியதை ஒரு கட்சிச் சொல்லாகக் கொண்டு அந்நாட்டிலே சிலர் சினந்தனர். வேற்றுலகிலிருந்து வந்து கன்சாஸ் வயல்வெளியில் வளர்ந்தவனை, குடியேறியோரின் மைந்தர் இருவர் படைத்த வீரனை, வேறென்னென்று அழைப்பதோ யாம் அறியோம்.

இப்படத்தின் துணிகரமான மாற்றம் வேறு. கிரிப்டன் உலகத்துப் பெற்றோர் விடுத்த செய்தியின் சிதைந்த பிற்பகுதியை லெக்ஸ் லூதர் வெளிப்படுத்துகின்றான். மண்ணுலகை ஆள்க என்பதே அவர்கள் ஏவல் என்று தெரியவருகின்றது. இது மூலத்துக்குச் செய்த துரோகம் என்று பழைய இரசிகர் வருந்தினர். அவ்வருத்தம் முற்றும் பிழையன்று. அழியும் உலகொன்று தன் ஈற்றுப் பிள்ளையை அன்போடு அனுப்பியது என்னும் எண்ணத்தில் ஒரு பேரழகு இருந்தது, அதனை இழந்தோம். இழந்து பெற்றது யாதெனின், அவன் நன்மை குருதியால் வந்ததன்று, உழவர் குடும்பம் ஒன்றின் வளர்ப்பால் வந்தது என்னும் தெளிவு. படத்தின் தொடக்கத்திற் காயமுற்றுக் கிடக்கும் அவனைத் தேற்றுதற்கு இயந்திர ஏவலர் கிரிப்டன் பெற்றோரின் ஒளிப்பதிவைக் காட்டுகின்றனர். முடிவில் அவன் பார்த்துக்கொண்டிருப்பது, கன்சாஸ் வீட்டில் கென்ற் தம்பதியர் சிறுவனாகிய தன்னோடு விளையாடிய பழைய படச்சுருள்களை.