தளத்தின் அடியில் ஓர் உலர்ந்த இடம்

உயரமான மேடையோ தளமோ கட்டினால் அதன் அடியில் ஓர் இடம் தானாகவே கிடைத்துவிடும். அந்த இடத்தைச் சொட்டு நீர் இறங்காமல் காப்பதுதான் கட்டடக்காரரின் தேர்ச்சி. திருவண்ணாமலையில் அப்படி அமைந்த கீழறைக்கு முதல் சான்று அருணாசலேசுவரர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம். கிருஷ்ணதேவராயர் காலத் திருப்பணியான இதன் உயர்ந்த பீடத்துக்குள் பாதாள லிங்கச் சன்னதி இருக்கிறது. 1896 செப்டம்பர் 1 அன்று ஊருக்கு வந்த ரமண மகரிஷி சில நாட்களில் இந்த அறைக்குள் போய் அமர்ந்தார். இருளும் ஈரமுமான அங்கே எறும்பும் பூச்சியும் அவர் தொடைகளைப் புண்ணாக்கியதை வரலாறுகள் சொல்கின்றன. மேலே அத்தனை பெரிய மண்டபம் இருந்தும் கீழே ஈரம். ஆகவே கீழறைக்குப் பகை இரண்டு: மேலிருந்து இறங்கும் கசிவு ஒன்று, தரையிலிருந்து ஏறும் ஓதம் மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

கருங்கல் நீரை அதிகம் குடிக்காது. ஆனால் மண்டபக் கூரை ஒரே கல் அல்ல. உத்தரங்களின் மேல் அடுத்தடுத்துப் பரப்பிய பாவுகற்களின் இணைப்பு ஒவ்வொன்றும் நீருக்கு வழிதான். வடகிழக்குப் பருவமழை இங்கே அக்டோபரில் தொடங்கி கார்த்திகை தீபத்தையும் தாண்டிப் பெய்யும். அந்த மழையை அடக்க, கல்லின் மேலும் மெத்தை வீடுகளின் செங்கல் கூரை மேலும் பழைய கொத்தனார்கள் போட்டது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம்.

அந்தத் தளம் உருவாகும் விதம் நின்று பார்க்கத் தக்கது. கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, நீற்றி, சலித்து எடுக்க வேண்டும். செங்கல்லை விரல் கனத்துக்கு உடைத்து, ஊற ஊற நனைக்க வேண்டும். நனையாத ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தைத் தானே உறிஞ்சிவிடும். தமிழகப் பொதுப்பணித் துறையின் கணக்கில் 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு. மணல் கூடாது. கலவையைச் சராசரி மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பியபின் அசல் வேலை தொடங்குகிறது. சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து, சிறு மரக்கட்டைகளால் தட்டியபடி தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்வார்கள். இடையிடையே கடுக்காயை ஊறவைத்த நீரும் வெல்ல நீரும் தெளிப்பார்கள். வெல்லம் சுண்ணாம்பை நீரில் கூடுதலாகக் கரைய வைக்கிறது; கடுக்காயின் துவர்ப்புச் சத்து கலவையை இறுக்குகிறது. இது நாள் கணக்கில் நடக்கும். அடித்த கட்டை தடம் பதிக்காமல் எகிறி வர ஆரம்பிக்கும்போதுதான் தளம் முடிந்தது என்று நிறுத்துவார்கள். அளவுகோல் எதுவும் தேவைப்படாத அந்தத் தீர்ப்பு இந்தத் தொழிலின் அழகுகளில் ஒன்று.

வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கிக் கல்லாகும். செங்கல் பொடி சேர்ந்தால் இன்னொரு வினையும் நடக்கிறது: சுட்ட களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு கூடி, ஈரத்திலும் இறுகும் பிணைப்பை உண்டாக்குகின்றன. ரோமானியர் நீர்த்தொட்டிகளுக்கு உடைத்த ஓட்டையும் சுண்ணாம்பையும் கலந்து பூசியதன் காரணமும் இதுவே. அளவுக்கு மீறி வெந்த செங்கல்லில் இந்த வினை குறைந்துவிடுகிறது. மயிரிழை விரிசல் விழுந்தாலும் பயமில்லை. உள்ளே போகும் நீர் சுண்ணாம்பைச் சிறிது கரைத்து, அதே விரிசலில் படியவிட்டு, தானே அடைத்துக்கொள்கிறது. சிமெண்டின் கடினம் இதற்கு இல்லை. ஆனால் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் திருவண்ணாமலைத் தளத்துக்குக் கடினத்தைவிட இந்த இணக்கம்தான் பெரிது.

தளத்தின் மேல் தட்டோடு பதிப்பார்கள். அறுபது அடிக்கு ஓர் அடியாவது வாட்டம் வேண்டும். நீர் எங்கும் தேங்காமல் தூம்புக்குப் போய்விட்டால் பாதி வேலை முடிந்தது. தளம் நடுவில் ஒழுகுவது அரிது. கைப்பிடிச் சுவரோடு சேரும் மூலையும் தூம்பின் வாயும்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். அதனால் அந்த மூலையைச் செங்குத்தாக விடாமல் வளைத்துப் பூசி, சுவரில் சற்று மேலேறும்படி முடிப்பார்கள்.

தோட்டத்தில் பலகை இடைவெளிகளோடு அமைக்கும் மரமேடைக்கு இந்தத் தளம் ஒத்துவராது. அதன் அடியில், குறுக்குக் கட்டைகளுக்கு இடையே, சரிவான தகரக் கால்வாய்களைத் தொங்கவிட்டு நீரை ஓர் ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நீரை வழிநடத்தும் தத்துவம் ஒன்றே; பொருள்தான் வேறு. செடித் தொட்டிகளைத் தளத்தின் மேல் வைப்பதானால் அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும்.

பெரிய ஆபத்து மழையல்ல, அரச விதை. பறவை எச்சத்தில் வந்து இணைப்பில் முளைக்கும் அந்தச் செடி, கோபுரத்தையே பிளக்க வல்லது. மேலே தெரியும் தண்டை ஒடித்தால் வேர் தழைத்துவிடும். வேரோடு எடுத்து அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். குடமுழுக்குத் திருப்பணிகளில் தளம் புதுப்பிக்கும் வேலைக்கு முக்கிய இடம் உண்டு. அருணாசலேசுவரர் கோயிலில் 2017 பிப்ரவரி 6 அன்று குடமுழுக்கு நடந்தது. வீடுகளில் ஆடி, ஆவணிக்குள் செடி பிடுங்கி, ஓட்டு இணைப்புகளைப் பூசி, தூம்பில் சேர்ந்த சருகை வாரிவிட்டால் ஐப்பசிக்குத் தளம் தயார்.

ஓதத்துக்கு வைத்தியம் கீழிருந்துதான். அறையின் தரை வெளிமண்ணைவிட உயர்ந்திருக்க வேண்டும். தரைக்கு அடியில் மண் நேராகப் படாமல் ஜல்லி பரப்ப வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் தரையோரம் ஒன்றும் கூரையோரம் ஒன்றுமாகக் காற்றுத் துளைகள் இருந்தால் ஈரம் தங்காது. உள்ளே வைக்கும் மூட்டைகளைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்க வேண்டும்.