பார்வைக்கும் பாரத்துக்கும்

பழைய மோட்டார் கார் ஒன்றின் உருவத்தைப் புதிதாகச் செய்து நிறுத்தும் தொழில் நம் தேசத்திலும் வேரூன்றிவிட்டது. மும்பைக்குத் தெற்கே, அலிபாக் பக்கத்தில், சின்காரா என்ற கம்பெனி, 1957இல் இங்கிலாந்தில் வெளிவந்த லோட்டஸ் செவன் காரைத் தழுவி, ஃபைபர் உடலும், நம் காண்டெஸா காரில் ஓடிய அதே ஜாதி இசுசு எஞ்சினும் பொருத்தி, மேல்மூடி இல்லாத கார்களைச் செய்து விற்றது. கல்யாண ஊர்வலத்துக்கென்றே ஜீப்பின் சேஸிஸ்மேல் 1930களின் சாயலில் உடல் கட்டித் தரும் பட்டறைகள் வடக்கிலும் தெற்கிலும் இருக்கின்றன. இத்தகைய கார்களுக்கு வேண்டிய சாமான்களில் ஒரு பகுதிதான் கடையில் கிடைக்கும். மற்றவற்றை, அதாவது ரேடியேட்டர் முகப்பையும், கதவுக் கைப்பிடியையும், விளக்கு வளையத்தையும், மட்கார்டையும், சில வேளை ஸ்டியரிங் கையையும்கூட, ஒவ்வொன்றாகச் செய்து, ராவி, மெருகேற்றித்தான் ஆகவேண்டும். இந்தத் தனிப் பாகங்களைச் செய்யும் முறையின் குணதோஷங்களை நந்திதுர்க்கில் நின்று பரிசீலிக்கிறவனுக்கு, வேறிடத்தில் எளிதில் கிட்டாத ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

நந்திதுர்க், கோலார் தங்கவயலின் பெரிய சுரங்கங்களில் ஒன்று. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இந்த வயலில் அடியெடுத்து வைத்தது முதல், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி மூடப்பட்டது வரை, முடிவில் மூன்று கிலோமீட்டரையும் தாண்டிவிட்ட இவ்வயலின் ஆழத்துக்கு உயிர் கொடுத்தவை, ஆட்களை இறக்கி ஏற்றும் வைண்டிங் எஞ்சின்களும், நீர் இறைக்கும் பம்புகளும், தாதுக் கல்லை இடித்துப் பொடியாக்கும் ஸ்டாம்ப் மில்களுமே. அவற்றில் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை. ஒரு புஷ்ஷோ வால்வோ தேய்ந்துபோனால், சீமையிலிருந்து கப்பல் வந்து சேரும் வரையில் பம்பை நிறுத்திவைக்க முடியாது. நிறுத்தினால் அடித்தளத்தில் நீர் ஏறிவிடும். ஆகவே, மரத்தில் மாதிரி செய்யும் தச்சரும், மணலில் அச்செடுக்கும் மோல்டரும், டர்னரும், பிட்டரும் கூடி, கண்முன் கிடக்கும் உடைந்த பாகத்தை அளந்து, அதைப்போல் இன்னொன்றைச் செய்ய வேண்டியதாயிற்று. அதுவும் பிரதி செய்யும் வேலைதான். ஆனால் அந்தப் பிரதி சரியா என்று தீர்ப்புச் சொன்னது மனிதனுடைய கண் அல்ல. மறுநாள் காலை அதன்மேல் ஏறிய பாரம். பின்னர் பி.இ.எம்.எல். தொழிற்சாலை இங்கே வந்தபோதும், மண்வாரி யந்திரங்களின் பாகங்களுக்கு இந்த நியாயமே பொருந்தியது. பிரதிக் கார்ப் பட்டறைக்கோ இத்தகைய பரீட்சை கிடையாது. அங்கே கண்ணே கடைசி நீதிபதியாக அமர்ந்துவிடுகிறது. இத்தொழிலின் உயர்வும் தாழ்வும் இந்த ஒரு வேற்றுமையிலிருந்தே பிறக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

முதலில் உயர்வைச் சொல்லிவிடுவோம். ஒரு கதவுக் கைப்பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். அசல் கைப்பிடியையே மணலில் பதித்து அச்செடுத்து அலுமினியத்தை வார்த்தால், உருகிய உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் பங்கு சுருங்கிவிடும். 150 மில்லிமீட்டர் நீளமுள்ள கைப்பிடி இரண்டு மில்லிமீட்டர் குறைந்து பிறக்கும், அதன் திருகுத் துளைகள் கதவின் துளைகளோடு சேரா. இதை அறிந்த மாதிரித் தச்சர், சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்து நீட்டிக் கோடிட்ட தனி அளவுகோலை வைத்துக்கொண்டு, ராவி எடுக்க வேண்டிய முகங்களில் கொஞ்சம் சதை விட்டு, மணலிலிருந்து மாதிரி கலையாமல் வெளிவரப் பக்கங்களைச் சற்றே சாய்த்துச் செய்வார். வார்த்த பிறகு அரம், அதன்பின் வரிசையாக எமரி, அதன்பின் பஃபிங் சக்கரம். சக்கரத்தில் அரை நிமிஷம் கூடுதலாக அழுத்திவிட்டால் கைப்பிடியின் விளிம்புக்கோடு கரைந்து, வடிவமே சோப்புக் கட்டிபோல் மழுங்கிவிடும். நல்ல பஃபிங்காரர் விளிம்பை நோக்கித் தேய்ப்பதில்லை, விளிம்பைவிட்டு விலகித் தேய்ப்பார். முலாமும் இவருக்கு உதவிக்கு வராது. செம்பு, நிக்கல், குரோமியம் என்று மூன்று அடுக்காகப் படியும் அம்முலாத்தில் மேலேயுள்ள குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவானதாகையால், அடியில் கிடக்கும் கீறல் ஒவ்வொன்றையும் அது மறைக்காமல் எடுத்துக் காட்டும். இவ்வளவு ஞானத்தையும் ஒரு சிறு கைப்பிடி கேட்கிறது. சுரங்கத்தோடு சேர்ந்து இந்த மண்ணில் அருகிப்போன வித்தைகளில் சிலவற்றுக்கு இன்று கூலி கொடுத்து வேலை கொடுக்கிற மிகச் சில தொழில்களில் பிரதிக் கார் கட்டுவதும் ஒன்று. இந்தப் புண்ணியத்தை நான் குறைத்து மதிக்கமாட்டேன்.

தகட்டு வேலையிலும் இத்தகைய உயர்வு உண்டு. மணல் பையின்மேல் தகட்டை வைத்து மரச்சுத்தியால் குழித்து, உருளைகளுக்கிடையே ஓட்டி வளைவைச் சமன் செய்து, பட்டி என்பதே தேவைப்படாத அளவுக்கு மட்கார்டைத் தட்டி முடிக்கும் டிங்கர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆயினும் அவசரம் மிகுந்த பட்டறைகளில் தட்டவேண்டிய வேலையைப் பட்டி செய்துவிடுகிறது. கனமாக அப்பிய பட்டி, சேஸிஸ் முறுகும்போதெல்லாம் விரிசல் கண்டு, அந்த விரிசல் வழியே நீர் இறங்கி, மேலே பளபளக்கும் பெயின்ட்டுக்குக் கீழே துரு வளர்கிறது. ஃபைபர் உடலைப் பொதுவாக இகழ்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். 1953இல் அமெரிக்காவில் வந்த கார்வெட் காரின் உடலே ஃபைபரால் ஆனதுதான். ஆனால் பிசின் முழுதும் இறுகுமுன் கறுப்புப் பெயின்ட் அடித்து வெயிலில் நிறுத்திய காரில், சில மாதங்களுக்குள் உள்ளேயிருக்கும் கண்ணாடி இழையின் நெசவு மேற்பரப்பில் மங்கலாக எழும்பி நிற்பதைக் கண்டவர்களுக்கு, காத்திருப்பதும் இத்தொழிலில் ஒரு கருவி என்பது விளங்கும்.

இதுவரை சொன்ன குறைகள் அழகைக் கெடுப்பவை. உயிரைத் தொடுகிற குறை வேறு. ஸ்டியரிங் கையும் சஸ்பென்ஷன் கையும் அசல் கார்களில் பெரும்பாலும் சம்மட்டிக்கடியில் அடித்து உருவாக்கப்பட்ட எஃகாக இருக்கும்; அடிபட்ட எஃகில் உலோகத்தின் மணிகள் பாகத்தின் வளைவையே பின்பற்றி நீண்டு ஓடுவதால், வளைந்து நிமிரும் பாரத்தை அது ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது. இதே உருவத்தை வார்ப்பில் எடுத்தால் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. உள்ளே அந்த ஓட்டமும் இராது, வாயுக் குமிழிகளும் இருக்கக்கூடும். இதற்கும் மேலே, காட்சிக்காக இந்தப் பாகங்களுக்கு முலாம் போடுகிற வழக்கம் பரவியிருக்கிறது. அமிலத்தில் கழுவும்போதும் முலாம் தொட்டியில் கிடக்கும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுகிறது; வலிமை மிகுந்த எஃகாக இருந்தால் அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும் குணத்தை அடைகிறது. முலாம் ஏறிய சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுத்தால் அந்த வாயு பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆனால் முலாம் கடைக்காரரிடம் இந்தப் பாகம் எந்தப் பாரத்தைத் தாங்கப்போகிறது என்று யாரும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. மெருகு ஏற ஏறப் பாகம் பலவீனமாகிற இந்த நிலையைச் சுரங்கப் பட்டறை ஒருநாளும் பொறுத்திராது. அங்கே வைண்டிங் எஞ்சினின் ஒரு பின் முறிந்தால் என்ன ஆகும் என்பதை, கூண்டில் இறங்கிய ஒவ்வொருவனும் அறிவான்.

இன்னொன்றையும் இந்த ஊரில் இருந்துகொண்டு சொல்லாமல் இருக்க முடியாது. பழைய சேஸிஸின் துருவைப் போக்க ஆற்றுமணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதில் எழுவதைப் போன்ற பாறைத் தூள் நுரையீரலைக் கல்லாக்கியதை வீட்டுக்கு வீடு கண்டது தங்கவயல். சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மலைகளின் தூசி காற்றில் எழும்போது இன்றும் கதவைச் சாத்திக்கொள்கிற ஜனங்கள் நாம். அப்படி மணல் பீய்ச்சுவதன் ஆபத்தை உணர்ந்து பிரிட்டன் 1949ஆம் ஆண்டிலேயே வார்ப்பு வேலைகளில் அதைத் தடுத்து விதி செய்தது. எஃகுக் குறுமணியும் கார்னெட்டும் மாற்றாக இருக்கும்போது, ஒரு காட்சிப் பொருளுக்காக ஒரு பையனின் மூச்சைச் செலவிடுவதற்கு நியாயமே கிடையாது.

சட்டத்தையும் நேர்மையையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், அதை விளக்கி 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பும், தயாரிப்பாளரின் நிர்ணயத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. ஐம்பது வயது தாண்டிய கார்களுக்கு 2021இல் வந்த தனிப் பதிவும், சேஸிஸையும் உடலையும் எஞ்சினையும் பெரிதாக மாற்றாதவற்றுக்கே உரியது. ஆகவே பிரதிக் காரை அசல் என்று காட்ட விரும்புகிறவர் சட்டத்தையும் ஏமாற்றுகிறார், வாங்குகிறவரையும் ஏமாற்றுகிறார். பென்ட்லி கம்பெனி 1929ஆம் வருஷத்துத் தன் பந்தயக் காரையே பிரித்து அளந்து, அதைப்போல் பன்னிரண்டு கார்கள் செய்வதாக 2019இல் அறிவித்தபோது, அவை புதிதாகச் செய்த தொடர்ச்சிக் கார்கள் என்பதை மறைக்கவில்லை. அசலைச் செய்தவர்களுக்கே அந்த நேர்மை அவசியமாக இருந்தது.

நந்திதுர்க்கிலும் ராபர்ட்சன்பேட்டையிலும் லேத் வைத்திருக்கிற இளைஞர்கள் இந்தத் தொழிலில் இறங்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். மாரிக்குப்பம் ரயிலில் தினமும் பெங்களூருக்குப் போய்வருகிற கைகளுக்கு ஊரிலேயே தகுந்த வேலை இதில் உண்டு. இறங்குகிறவர்கள், பாரம் தாங்காத பாகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மெருகேற்றட்டும். பாரம் தாங்கும் பாகத்தை அடித்து உருவாக்கிய எஃகிலோ கட்டி எஃகைக் கடைந்தோ மட்டுமே செய்து, சாயம் ஊறவைத்து விரிசல் தேடும் எளிய சோதனையைச் செய்து பார்த்து, முலாம் பூசாமல் சாதாரணக் கறுப்புப் பெயின்ட்டோடு விடட்டும். ஒவ்வொரு பாகத்தின் உட்புறத்திலும் செய்த பட்டறையின் முத்திரையையும், செய்த வருஷத்தையும், உலோகத்தின் தரத்தையும் வெட்டுளியால் பொறித்து, அதே விவரத்தைக் காரோடு செல்லும் ஒரு புத்தகத்தில் எழுதிக் கொடுத்தால், இருபது ஆண்டு கழித்து அந்தக் காரைப் பிரிக்கிற பிட்டர் எதைக் கழற்றி மாற்ற வேண்டும், எதை நம்பி விடலாம் என்பதை அறிந்துகொள்வார்.