ஒரே வாளியில் எல்லாம்

வஞ்சிரத் தலை போட்டு வைத்த குழம்பை ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் மூடியைத் திறந்து பாருங்கள். கரண்டி பட்டதும் அல்வாத் துண்டு மாதிரி அசையும். மீனின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் கொதியில் கரைந்து, ஜெலட்டினாகி, குளிரில் உறைந்திருக்கிறது. மருந்துக் கடையில் டப்பா டப்பாவாக விற்கும் கொலாஜன் பொடிக்கும் மூலப்பொருள் இதுதான். சென்னை மாத்தூரில் எங்கள் வீட்டில் குழம்பு இப்படி உறைவது வாரா வாரம் நடக்கும் காரியம்.

ஞாயிறு விடிகாலை மாத்தூரிலிருந்து காசிமேடு போனால், மீன் வெட்டித் தரும் அக்காக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். செதில் சீவும் சத்தம் நிற்காது. செதில், செவுள், குடல், துடுப்பு எல்லாம் பக்கத்திலிருக்கும் ஒரே வாளிக்குள் போகும். வெயில் ஏறுவதற்குள் வாளியில் ஈ மொய்த்துவிடும். குடலிலுள்ள நொதிகளும் கிருமிகளும் சேர்ந்து பக்கத்திலிருக்கும் நல்ல தோலையும் செதிலையும் கெடுக்கின்றன. தனியாக எடுத்துக் கழுவி வெயிலில் உலர்த்தியிருந்தால் அந்தச் செதில் வெகுநாள் தாங்கும்.

வாளியில் சேர்ந்ததற்கு நம் ஊரில் தெரிந்த நல்ல வழி மீன் அமிலம். கழிவுக்குச் சம எடை வெல்லம், மூடிய வாளி, 21 நாள். வடித்து, லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்து தெளித்தால் செடி தழைக்கும். இயற்கை விவசாயிகள் கைக்குள் வைத்திருக்கும் வித்தை இது, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புரதத்தை மணி கோத்த சரமாக நினைத்துக்கொள்ளுங்கள். சரத்தை முழுக்க அறுத்துக் கொட்டினால் செடிக்கு உணவு. இரண்டு முதல் இருபது மணி வரை கோத்தபடி துண்டுகளாக நிறுத்தினால், அது பெப்டைடு. அந்தத் துண்டுகளில் சில உடம்புக்குள் போய் வேலை செய்கின்றன. ஒன்று ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் தணிக்கும், இன்னொன்று கொழுப்பு காறாமல் காக்கும்.

அறுப்பதைப் பாதியில் நிறுத்துவதுதான் தொழில்நுட்பம். கழிவை அரைத்து, தண்ணீர் சேர்த்து, 50 முதல் 60 டிகிரி சூட்டில் நொதி கலந்து சில மணி நேரம் வைப்பார்கள். பிறகு 90 டிகிரி வரை சூடேற்றினால் நொதி செத்துப்போகும், அறுப்பு நின்றுவிடும். நொதிக்கும் வெகுதூரம் போக வேண்டாம். பப்பாளிக் காயைக் கீறினால் வடியும் பாலிலுள்ள பப்பைனே போதும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை அந்தப் பப்பாளிப் பாலை உலர்த்திக் கப்பலேற்றிய நாடு.

இலங்கையில் கழிவின் முகமே வேறு. அங்கே ஏற்றுமதிக்குப் போவது பெரும்பாலும் சூரை; அதில் மஞ்சள்துடுப்புச் சூரையைச் சிங்களத்தில் கெலவல்லா என்பார்கள். நாள் கணக்கில் ஆழ்கடலில் தங்கிவரும் படகுகள் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவரும் மீனை ஆலைக்குள் வெட்டி, சதையை ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் அனுப்புகிறார்கள். மிஞ்சும் தலை, முள், தோல், கருஞ்சிவப்புச் சதை எல்லாம் ஒரே இன மீனுடையது, ஒரே கூரையின் கீழ் குளிரில் கிடப்பது. பெப்டைடு செய்ய நினைப்பவருக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. கொழும்பு மட்டக்குளியில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நாரா என்ற நீர்வள ஆய்வு நிறுவனமும், மாத்தறையில் ருஹுணு பல்கலைக்கழகத்தின் மீன்வளப் பீடமும் அங்கே இருக்கின்றன. ஆனாலும் அந்தக் கழிவு தீவனத்தைத் தாண்டிப் போவது அங்கும் குறைவுதான்.

சூரையை அவித்து, புகையூட்டி, கல்லாகக் காயவைத்த உம்பலகட இல்லாத சிங்களச் சமையல் இல்லை. தூத்துக்குடிக்காரர்களுக்கு அதுவே மாசிக் கருவாடு. அதற்கு உறவான ஜப்பானியக் கட்சுவோபுஷியிலிருந்து பிரித்த பெப்டைடு, ரத்த அழுத்தம் சற்று ஏறியவர்களுக்கான உணவாக அந்நாட்டு அரசின் அனுமதி பெற்றிருக்கிறது. மாசி இடிக்கும் நம் இரு கரைகளிலும் அப்படி ஒன்று எழவில்லையே என்பது என் ஆதங்கம்.

இந்தியாவின் பெரிய சரக்கு இறால். 2022-23இல் மட்டும் 7 லட்சம் டன்னுக்கு மேல் உறைய வைத்த இறால் ஏற்றுமதியானது. இறாலின் எடையில் ஏறத்தாழ பாதி தலையும் ஓடும். கொச்சியில் 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசானும், மீன் குடலிலிருந்து அறுவைத் தையல் நூலும், கொலாஜன் பெப்டைடும் செய்து காட்டியிருக்கிறது. ஆய்வில் நாம் முன்னே நிற்கிறோம். ஆனால் கைட்டோசானுக்கு மூலமான கைட்டினை எடுக்க ஓட்டைக் காரத்தில் வேகவைக்கும்போது, ஒட்டியிருக்கும் புரதம் கரைந்து கழிவுநீரோடு போய்விடுகிறது. ஓடு மிஞ்ச, சத்து ஓடிவிடும். காரம் தொடுவதற்கு முன்பே நொதியால் புரதத்தைக் கழற்றி எடுக்கலாம்.

எங்கள் பகுதிக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர்க் கழிமுகம் கறுத்தது. அப்படி மாசுபட்ட நீரில் வாழும் மீனின் ஈரலும் செவுளும் உலோகம் போன்ற நஞ்சைச் சேர்த்து வைக்கும் உறுப்புகள். கழிமுகத்து மீனின் அந்த உறுப்புகளை மனிதர் சாப்பிடும் பொடியாக்க நான் ஒப்பமாட்டேன். ஆழ்கடல் மீனின் தோலும் செதிலும் வேறு கதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால், பெப்டைடு ஆலை வைப்பவர் அந்த 61 நாளுக்கும் உலர்ந்த செதிலைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. காசிமேட்டில் மீன் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இல்லாதது இன்னொரு வாளிதான்.

போன வாரம் எனக்கு மீன் வெட்டிக் கொடுத்த அக்காவிடம், செதிலைத் தனியாகப் போட முடியுமா என்று கேட்டேன். கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: "தனியா போட்டு வெச்சா யாரு தம்பி வாங்குவா? கிலோ எவ்ளோன்னு சொல்லு, நாளைக்கே பிரிச்சுத் தர்றேன்."