கலமின்னழுத்தக் கணக்கீடும் 'நேர்மின்வாய்' என்னும் கலைச்சொல்லும்: ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: திட்ட ஒடுக்க மின்னழுத்தம், மின்வாய், ஆனோடு, கேத்தோடு, குறி மரபு, கலைச்சொல்லாக்கம்

திட்ட ஒடுக்க மின்னழுத்த அட்டவணையைக் கொண்டு ஒரு மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் கணித்தல் என்பது, எண்ணளவில் பார்த்தால், ஒரேயொரு கழித்தல். கேத்தோடின் ஒடுக்க மின்னழுத்தத்திலிருந்து ஆனோடின் ஒடுக்க மின்னழுத்தத்தைக் கழித்தால் போதும். டேனியல் கலத்தில் தாமிரத்தின் மதிப்பு 0.34 வோல்ட், துத்தநாகத்தின் மதிப்பு −0.76 வோல்ட், விடை 1.10 வோல்ட். இத்துணை எளிய கணக்கில் தமிழ்வழி மாணவர் தடுமாறுவதற்குக் கவனக்குறைவே காரணம் எனக் கூறுவது வழக்கம். இத்தடுமாற்றத்திற்குக் கலைச்சொல்லும் ஒரு காரணமாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஆனோடு என்பதற்கு நேர்மின்வாய், நேர்மின்முனை எனவும், கேத்தோடு என்பதற்கு எதிர்மின்வாய், எதிர்மின்முனை எனவும் தமிழில் வழங்கிவருகிறோம். மின்னாற்பகுப்புக் கலத்தைப் பொறுத்தவரை இச்சொற்களில் குறையில்லை. அங்கு ஆனோடு புற மின்மூலத்தின் நேர்முனையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தானே மின்னைத் தரும் கால்வானிக் கலத்தில் ஆனோடு எதிர்முனையாகும். துத்தநாகம் ஆக்சிஜனேற்றமடைந்து எலக்ட்ரான்களைத் தகட்டில் விட்டுச் செல்வதால் அத்தகடு எதிர்மின்தன்மை பெறுகிறது. ஆகவே 'டேனியல் கலத்தில் நேர்மின்வாய் எதிர்மின்சுமை உடையது' என்று எழுதவேண்டிய நிலை ஆசிரியருக்கு ஏற்படுகிறது. இதனை முரண் என்று உணரும் மாணவரைக் குறைகூற இயலாது.

இம்முரண் கணக்கீட்டிலும் புகுகிறது. துத்தநாகமே எதிர்முனை என்பதை ஆய்வகத்தில் வோல்ட்மானியைக் கொண்டு கண்டறிந்த மாணவர், 'எதிர்மின்வாயின் மதிப்பிலிருந்து நேர்மின்வாயின் மதிப்பைக் கழி' என்னும் விதியைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால் −0.76 − 0.34 = −1.10 வோல்ட் என்னும் விடையைப் பெறுவார். எதிர்க்குறி தன்னிச்சையற்ற வினையைக் குறிக்கும் என்றும் அவர் படித்திருக்கிறார். எனவே, கண்ணெதிரே இயங்கும் கலம் இயங்காது என்னும் முடிவுக்கு வருவார். அவர் விதியையும் மீறவில்லை, தமிழையும் பிறழ உணரவில்லை.

மூலச்சொற்களில் இந்தக் குறிச்சுமை இல்லை என்பது நோக்கத்தக்கது. மைக்கேல் ஃபாரடே 1834ஆம் ஆண்டில் இச்சொற்களை வெளியிட்டபோது, கேம்பிரிட்ஜைச் சார்ந்த வில்லியம் ஹூவெலின் அறிவுரையைப் பெற்றுக் கிரேக்க வேர்களைத் தேர்ந்தார். ஆனோடு என்பது 'மேலேறும் வழி', கேத்தோடு என்பது 'கீழிறங்கும் வழி'. புவியின் காந்தத்தன்மைக்குக் கிழக்கிலிருந்து மேற்காகப் பாயும் மின்னோட்டம் காரணம் எனக் கற்பித்துக்கொண்டு, சிதைவுறும் பொருளினூடே பாயும் மின்னோட்டத்தை அதற்கு இணையாக வைத்து, ஞாயிறு எழும் பக்கத்தையும் விழும் பக்கத்தையும் அவர் பெயராக்கினார். மின்சாரத்தின் இயல்பு பற்றிய கொள்கை பின்னாளில் எவ்வாறு மாறினும் சொல் மாறாதிருக்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். கிரேக்கத்தை அப்படியே தமிழாக்கியிருந்தால் ஆனோடுக்கு 'எழுவாய்' என்றே வந்திருக்கும். இலக்கணத்தார் அச்சொல்லை முன்பே எடுத்துக்கொண்டனர்! ஃபாரடே வேண்டுமென்றே விலக்கிய மின்குறியைத் தமிழாக்கம் சொல்லுக்குள்ளேயே பதித்துவிட்டது.

இச்சிக்கலின் ஆழத்தை ஈய–அமிலச் சேமக்கலம் தெளிவாகக் காட்டும். அது 2.05 வோல்ட் (1.69 − (−0.36)) தருவது. மின்னிறக்கத்தின்போது ஈய டையாக்சைடுத் தகட்டில் ஒடுக்கம் நிகழ்கிறது. ஆகவே அது கேத்தோடு. மின்னேற்றத்தின்போது அதே தகட்டில் ஆக்சிஜனேற்றம் நிகழ்கிறது; ஆகவே அது ஆனோடு. இரு நிலைகளிலும் அத்தகடு நேர்முனையாகவே நிற்கிறது. வழக்கிலுள்ள சொற்களைக் கொண்டு கூறின், மாறாத நேர்முனை ஒருபொழுது எதிர்மின்வாய், மறுபொழுது நேர்மின்வாய். பெயர் மாறுகிறது, குறி மாறவில்லை. மின்குறியை வைத்துப் பெயரிடும் முறை பொருந்தாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

மாற்று யாது? இலங்கைத் தமிழ்ப் பாடநூல் மரபு அனோட்டு, கதோட்டு என ஒலிபெயர்ப்பையே மேற்கொண்டது. அம்மரபு ஒடுக்கத்தைத் 'தாழ்த்தல்' என்கிறது. ஆக்சிஜனேற்ற எண் தாழ்வதை அச்சொல் நேரே உணர்த்துவதால் அது 'ஒடுக்க'த்தினும் தெளிவானது என்பது என் கருத்து. 'கீழிறங்கும் வழி'யில் தாழ்த்தல் நிகழ்கிறது என்னும் இயைபும் தற்செயலாகக் கிட்டுகிறது. செயலை வைத்து 'ஆக்சிஜனேற்ற மின்வாய்', 'ஒடுக்க மின்வாய்' எனப் பெயரிடலாம் என்பார் உளர். விளக்க உரைநடைக்கு இவை மிகப் பொருந்தும். ஆனால் வாய்பாட்டில் 'ஆக்சிஜனேற்ற மின்வாயின் மின்னழுத்தம்' என்று எழுதினால், அது 'ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம்' என்று படிக்கப்படும். உடனே குறி மாற்றப்படும், பின்னர் கழிக்கவும்படும். ஒரு பிழையை நீக்கி மற்றொன்றை வரவழைப்பதாக அது முடியும். எனவே உரைநடையில் செயற்பெயரும், வாய்பாட்டில் ஆனோடு, கேத்தோடு என்னும் ஒலிபெயர்ப்பும் வழங்குவதே தக்கது. தூய தமிழ் நோக்கில் இதற்கு மறுப்பு எழும். பொருளை மறைக்கும் தமிழ்ச்சொல்லைவிடப் பொருளைத் திரிக்காத கடன்சொல் கற்போருக்கு உதவும் என்பதே அதற்கு விடை.

இருமுறை குறிமாற்றும் பிழைக்கு வேறொரு வரலாறும் உண்டு. அமெரிக்க வேதியியலார், குறிப்பாக 1938இல் வெளிவந்த தம் நூலில் வெண்டெல் லாட்டிமர், ஆக்சிஜனேற்ற மின்னழுத்தங்களையே அட்டவணைப்படுத்தினர். அங்கே துத்தநாகத்தின் மதிப்பு +0.76. 1953இல் ஸ்டாக்ஹோமில் கூடிய தூய, பயனுறு வேதியியல் பன்னாட்டு ஒன்றியம், மின்வாய் மின்னழுத்தம் என்றால் ஒடுக்க வினைக்குரியதே என வரையறுத்தது. பழைய மரபுக்கு உரியது கூட்டல் (0.76 + 0.34); புதிய மரபுக்கு உரியது கழித்தல் (0.34 − (−0.76)). இரண்டும் தனித்தனியே சரி. இரண்டையும் ஒரே பக்கத்தில், எம்மரபு எதற்குரியது எனக் கூறாமல் தரும் கற்பித்தலில்தான் 0.34 − 0.76 = −0.42 என்னும் மூன்றாவது விடை பிறக்கிறது. ஒடுக்க மின்னழுத்த அட்டவணையைத் தருவோர் கழித்தல் வாய்பாட்டை மட்டுமே தருதல் நன்று.

எஞ்சியிருப்பது கெழுக்களால் பெருக்கும் வினா. தாமிர–வெள்ளிக் கலத்தில் வெள்ளி அயனியின் அரைவினையை 2ஆல் பெருக்கினாலும் அதன் 0.80 வோல்ட் மதிப்பு மாறாது, விடை 0.80 − 0.34 = 0.46 வோல்ட். 'மின்னழுத்தத்தைப் பெருக்கக் கூடாது' என்னும் இவ்விதியைக் காரணமின்றித் தடையாகவே கற்பிக்கிறோம். பின்னர் இரு அரைவினைகளைக் கூட்டி மூன்றாவது அரைவினையைப் பெறும்போது அதே மாணவர் வழிதவறுகிறார். இரும்பு(3) அயனி இரும்பு(2) ஆவதற்கு 0.77 வோல்ட், இரும்பு(2) உலோகமாவதற்கு −0.44 வோல்ட். இரண்டையும் கூட்டி 0.33 என எழுதுவது இயல்பான பிழை. கூட்டத்தக்கது கிப்ஸ் ஆற்றல் மாற்றமே. அது எலக்ட்ரான் எண்ணிக்கையும் ஃபாரடே மாறிலியும் மின்னழுத்தமும் பெருகிய எதிர்க்குறி மதிப்பு. எனவே 1 × 0.77 + 2 × (−0.44) = −0.11, இதனை 3ஆல் வகுக்க −0.04 வோல்ட் கிடைக்கும். இங்குக் குறியே மாறிவிடுகிறது: பிழையான மதிப்பின்படி, திட்ட நிலையில் ஹைட்ரஜன் வளிமம் இரும்பு(3) அயனியை உலோகம்வரை ஒடுக்கவேண்டும், உண்மையில் அது இரும்பு(2) நிலையோடு நின்றுவிடுகிறது.

முழுக்கலத்தில் இரு அரைவினைகளின் எலக்ட்ரான் எண்ணிக்கையும் சமப்படுத்தப்பட்டிருப்பதால் அவ்வெண் இருபுறமும் நீங்கி, மின்னழுத்தங்களை நேரே கழிக்க முடிகிறது. அரைவினைகளைக் கூட்டி வேறோர் அரைவினையைப் பெறும்போது அவ்வெண்கள் 1, 2, 3 என வேறுபட்டு நிற்கின்றன. கழித்தல் வாய்பாட்டைத் தரும் அதே பாடத்தில் இவ்வரியையும் சேர்த்தால், தடைவிதி ஒன்றை மனப்பாடம் செய்விக்க வேண்டிய தேவை எழாது.