சுவரில் தொங்கும் டிபன் கேரியர்

காரைக்குடி போனால் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். வரிசையாகப் பழைய சாமான் கடைகள். மரத்தூண், கடிகாரம், கண்ணாடி விளக்கு... நடுவே அடுக்கடுக்காக எனாமல் பாத்திரங்கள். நீலக் கரை போட்ட தட்டு, பச்சை நிற டிபன் கேரியர், மூடி போட்ட தூக்கு. திருப்பிப் பார்த்தால் ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் என்று அடியில் முத்திரை!

பர்மா, மலேயா என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார் வீட்டுச் சீர் சாமான்கள் இவை. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். வரும்படி போச்சு, வீடு மட்டும் பெரிசாக நின்றது. அப்புறம் பங்கு பிரிந்தது. சாமான்கள் கடைக்கு வந்தன.

பி.காம். படித்தபோது ‘தேய்மானம்’ என்று ஒரு பாடம். பொருள் பழசானால் மதிப்பு குறைய வேண்டும். இங்கே தலைகீழ்! வாங்குகிறவர் அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டுகிறார். கேரியரைக் குடைந்து பல்பு போடுகிறார். பிரான்ஸிலும் இதே கூத்துதான். மாவு, சர்க்கரை, காபி, மிளகு என்று பெயர் எழுதிய எனாமல் டப்பாக்களைத் தேடி வாங்கி, காலியாகவே அடுக்கி வைக்கிறார்கள்.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால், அது யார் வீட்டுச் சாமான் என்று யாராவது கேட்கிறோமா? பித்தளைக் குடத்தில் பெயர் வெட்டியிருப்பார்கள். எனாமலில் அது முடியாது. இரும்புத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பூசி, சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைப்பதுதான் எனாமல். உளியை வைத்தால் தெறித்துவிடும். அதனால், கைமாறும் அன்றே அந்த வீட்டின் கதையும் போய்விடுகிறது.

பழசைப் புழக்கத்தில் வைப்பது எப்படி என்று ஐயங்கார்குளத்தில் பார்க்கலாம். அங்குள்ள நடவாவிக் கிணற்றில், பூமிக்கடியில் ஒரு கல் மண்டபம். சித்ரா பௌர்ணமிக்குத் தண்ணீரை இறைத்துவிட்டு, காஞ்சி வரதரை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஆனாலும், அதை அலங்காரப் பொருள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் கேரியருக்கும் அப்படி ஒரு நாள் கொடுங்களேன். ஒரு எச்சரிக்கை: பழைய பூச்சில், முக்கியமாக சிவப்பு, மஞ்சள் நிறங்களில் காரீயம், காட்மியம் இருக்கலாம். ரசம், தயிர் மாதிரி புளிப்பு வேண்டாம். பூச்சு பெயர்ந்திருந்தால் சாப்பாடே வேண்டாம், பூச்செடி வையுங்கள். நன்றாக இருந்தால், தீபாவளிக்கு வாழையிலை விரித்து முறுக்கு அடுக்குங்கள்.

கடையில் விலை பேசுவதற்கு முன்னால், “எந்த ஊர் வீட்டுச் சாமான்ணே?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வந்தால் ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டுவிடுங்கள். சொந்த வீட்டுச் சாமான் என்றால், ஆச்சி இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.