நடைபவனியும் அதை நடத்துகிறவர்களும்

2011 யூலை 1ஆம் திகதி, இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையிலிருந்து நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ என்ற இரு நண்பர்கள் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். 27 நாள்களில் 670 கிலோமீற்றர் கடந்து பருத்தித்துறையை அடைந்தார்கள். வழிநெடுக ஊர்ச்சனமும் பாடசாலைப் பிள்ளைகளும் கம்பனி ஊழியர்களும் சேர்ந்துகொண்டார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்புவதற்காக 20 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் திரண்டது. போர் முடிந்து இரண்டே வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. சிங்களக் கிராமம் ஒன்றில் ஒரு பிள்ளை உண்டியலில் போட்ட சில்லறை, தெல்லிப்பழையில் ஒரு நோயாளியின் கட்டிலாக மாறியது. 2016இல் அதே நடை எதிர்த்திசையில் நடந்தது. பருத்தித்துறையில் புறப்பட்டு, காலி கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்காகத் தெற்கே போனது.

பாக்குநீரிணைக்கு அப்பால் இதே காரியம் வேறு உருவத்தில் நடக்கிறது. மும்பை மரதன் 2004இல் தொடங்கியது. ஒவ்வொரு சனவரியிலும் பல்லாயிரம் பேர் ஓடுகிறார்கள். நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்களுக்குக் கோடிக்கணக்கில் பணம் சேர்கிறது. தமிழ்நாட்டில், கோயம்புத்தூர் கான்சர் பவுண்டேசனுக்காக 2013 முதல் கோயம்புத்தூரில் ஒரு மரதன் நடக்கிறது. நோயும் ஒன்று, நோக்கமும் ஒன்று. ஆனால் காசு வருகிற வழியும், அந்தக் காசுக்காக மாரடிக்கிற ஊழியரின் நாளும் இரண்டு நாட்டிலும் வேறு வேறு. நடந்தவர்கள், ஓடியவர்களின் பெயர்களைப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. பாதை அனுமதி எடுத்தவர், பற்றுச்சீட்டு எழுதியவர், இரவில் உண்டியல் எண்ணியவர் ஆகியோரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் காசின் வழி. இலங்கையில் நடைபவனி கொடுப்பவரின் வாசலுக்கே போகிறது. கம்பனிகளும் கொடுக்கின்றன, பெருந்தொகையாகவே கொடுக்கின்றன. ஆனாலும் வடக்கு கிழக்கில் ஒரு நிறுவனத்தைத் தாங்கி நிற்பது உறவுதான்: ஊர்ச்சங்கம், கோயில், பழைய மாணவர் சங்கம், அதன் இலண்டன் கிளை, ரொறன்ரோ கிளை. பாடசாலைக்கு நூறு வயது என்றால் நடைபவனி. விஞ்ஞானகூடத்துக்குக் கூரை வேண்டும் என்றாலும் நடைபவனி. நிதி திரட்டுகிற உத்தியோகத்தரின் வேலையில் பாதி, யார் யாருடைய மச்சான், யார் எந்த வருட மாணவர், யாருக்கு முதலில் அழைப்பெடுக்காவிட்டால் கோபம் வரும் என்பதை நினைவில் வைத்திருப்பதுதான். கனடாவில் ஆள் விழித்திருக்கும் நேரம் பார்த்து இவர் யாழ்ப்பாணத்தில் இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் காத்திருப்பார். அந்த மணித்தியாலம் எந்த வரவுப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இந்தியாவில் பணம் சட்டத்தின் வழியாக வருகிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் முந்தைய மூன்று வருடங்களின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்கிறது. தனிமனிதர் கொடுத்தால் வருமானவரிச் சலுகை. மரதன் ஓடுகிறவர் தன் அலுவலக நண்பர்களுக்கு ஓர் இணைப்பை அனுப்புகிறார். அவர்கள் கைப்பேசியிலேயே கட்டுகிறார்கள். அதன்பின் தொண்டு நிறுவன ஊழியரின் வேலை தொடங்குகிறது. கொடுத்த ஒவ்வொருவரின் பான் என்ற வருமானவரி எண்ணையும் கேட்டு வாங்கவேண்டும், வருமானவரித் துறைக்கு விவரம் பதியவேண்டும், நன்கொடைச் சான்றிதழ் அனுப்பவேண்டும். மார்ச் மாதம் வந்தால் சென்னையில் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தின் கணக்கர் வீட்டுக்குப் போகும் நேரம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. இலங்கையில் கணக்கு மனிதருக்குச் சொல்லவேண்டியது. இந்தியாவில் கோப்புக்குச் சொல்லவேண்டியது. இரண்டில் இந்திய முறையே மேல் என்பது என் எண்ணம். இலங்கை முறையில், தொலைபேசியில் அன்பாகப் பேசத் தெரிந்தவருக்குக் காசு வருகிறது. பேசத் தெரியாத நல்ல நிறுவனம் மூடப்படுகிறது.

ஆனால் இந்தியச் சட்டத்துக்கு இன்னொரு கையும் உண்டு. வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தை 2020 செப்டெம்பரில் திருத்தினார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் நிர்வாகச் செலவுக்கு 50 விழுக்காடு வரை இருந்த வரம்பு 20ஆகக் குறைந்தது. பணம் முதலில் டில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளைக்கு வந்துதான் பிறகு ஊருக்குப் போகலாம். ஒரு நிறுவனம் தான் பெற்றதை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுப்பதும் தடையானது. பெரிய நிறுவனத்திடம் வாங்கி ஒரு தாலுகாவில் வேலை செய்துகொண்டிருந்த சின்ன அமைப்புகளின் அடிவயிற்றில் விழுந்த அடி அது. நிர்வாகச் செலவு என்று சட்டம் சொல்வதற்குள் கணக்கரும் முகாமையாளரும் இருக்கிறார்கள், அலுவலக வாடகையும் இருக்கிறது. கோப்பு வேலையைப் பெருக்கிய அதே அரசு, கோப்பு எழுதுகிறவரின் சம்பளத்துக்கு இருந்த இடத்தைச் சுருக்கியது.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தொண்டு நிறுவனங்களைப் பதிவதற்கும் மேற்பார்வை செய்வதற்கும் வந்தது. காகிதத்தில் பார்த்தால் இந்தியச் சட்டத்தைவிட இலகுவானது. வடக்கில் வேலை செய்தவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். 2009க்குப் பின் பல வருடங்கள் வடமாகாணத்தில் ஒரு செயற்றிட்டம் தொடங்க சனாதிபதி செயலணியின் அனுமதி வேண்டியிருந்தது. கச்சேரியில் கடிதம், பிரதேச செயலகத்தில் கடிதம், கூட்டம் கூடினால் யார் யார் வந்தார்கள் என்று விசாரிக்க வருகிற புலனாய்வுக்காரர். இந்தியாவில் ஊழியர் பதிவு இரத்தாகுமோ என்று பயப்படுவார். வடக்கு கிழக்கில் ஊழியருக்கு இருந்த பயம் உயிர்ப்பயம்.

அதைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு நேர்மையாக இராது. 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில், பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு அமைப்பான ஏ.சி.எவ்.இன் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவிலும் அதன் அருகிலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம். சுனாமிக்குப் பிந்தைய குடிநீர், சுகாதார வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த ரீசேட்டை அணிந்திருந்தார்கள். இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. மும்பையிலோ கோவையிலோ தொண்டு நிறுவன ரீசேட் ஒரு விளம்பரம், மரதன் முடிந்ததும் ஒரு ஞாபகப்பொருள். மூதூரில் அது தங்களைக் காப்பாற்றும் என்று நம்பி அணிந்தது. 2008 செப்டெம்பரில் ஐ.நா.வையும் சர்வதேச நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னபோது வெள்ளை வாகனங்கள் வெளியேறின; உள்ளூர் ஊழியர் பலர் குடும்பத்தோடு உள்ளே நின்றார்கள். இலங்கையில் தொண்டுப் பணியின் வரலாற்றை எழுதுகிறவர் இவர்களிலிருந்து தொடங்கவேண்டும்.

இரு நாட்டு நடைமுறையையும் தங்கள் உடம்பில் சுமந்தவர்களும் இருக்கிறார்கள். ஈழத் தமிழ்த் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் ஊழியரும் அகதிகளே. அவர்களில் சிலர் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, முகாமில் படித்து, அதே முகாமில் மாலை வகுப்பு நடத்தியவர்கள். போருக்குப் பின் சிலர் ஊர் திரும்பித் திருகோணமலையிலும் மன்னாரிலும் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். உதவி பெறுகிறவருக்கும் செய்கிறவருக்கும் இடையே வேலி இல்லாத ஒரு முறை அது. இரு நாட்டிலும் பெரிய நிறுவனங்கள் இதைக் கற்றுக்கொள்ளவில்லை.

முகநூலும் யூடியூபும் வந்த பிறகு ஊழியரின் வேலையில் கமரா ஏறிவிட்டது. இந்தியாவில் மிலாப், கெட்டோ போன்ற தளங்கள் 2010களில் வளர்ந்தன. அழுகிற குழந்தையின் முகம் விளம்பரமாக வந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. அதனால் தமிழ்நாட்டில் பிள்ளைகள் இல்லம் ஒன்றின் ஊழியர் படம் எடுத்தால் முகத்தை மறைத்தே போடுகிறார். இலங்கையின் வடக்கில் நிலைமை மிக மோசம். புலம்பெயர்ந்தவர் அனுப்பும் காசை ஏழை வீட்டுக்குக் கொண்டுபோய், கமராவை முகத்துக்கு நேரே பிடித்து, "அம்மா, ஏன் அழுறீங்கள், சொல்லுங்கோ" என்று கேட்டுப் பதிவேற்றுகிற யூடியூபர்கள் பெருகிவிட்டார்கள். 2025 மார்ச்சில், உதவி பெறும் ஒரு குடும்பத்துப் பெண்பிள்ளையைக் கமரா முன் அவமதித்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் கைதானபிறகுதான் ஊர் வாய்திறந்தது. இருபது வருடம் வெளிக்களத்தில் நின்ற உத்தியோகத்தர் ஒரு விதவையின் வீட்டுக்குப் போனால் முதலில் பாயில் இருந்து தேத்தண்ணி குடிப்பார், பிள்ளையின் படிப்பைக் கேட்பார், மூன்றாம் தடவை போகும்போதுதான் படிவத்தை எடுப்பார். அந்த நாகரிகத்துக்கு இன்று "விருப்பம்" விழுவதில்லை, காசும் வருவதில்லை. இது எனக்கு ஆறாத கோபம்.

விளையாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த ஊழியர்களுக்குக் கிடைக்கிற இளைப்பாறல் அது ஒன்றுதான். வன்னியில் அலுவலக வளவில் பின்னேரம் வலை கட்டிக் கரப்பந்தாட்டம் ஆடுவார்கள். சாரதியும் காவலாளியும் திட்ட இணைப்பாளரும் ஒரே அணி. முத்தையா முரளிதரனின் பெயரில் 2012இல் தொடங்கிய நல்லிணக்கக் கிண்ணக் கிரிக்கெட் போட்டி, தெற்குப் பாடசாலைப் பிள்ளைகளைக் கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான் மைதானங்களுக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1999இல் மும்பையில் பிறந்த மேஜிக் பஸ், விளையாட்டையே கல்வி முறையாக ஆக்கியது. ஒக்ஸ்பாம் நடத்திய டிரெயில்வாக்கர் நடையில் நால்வர் ஓர் அணியாக 100 கிலோமீற்றரை 48 மணித்தியாலத்தில் நடக்கவேண்டியிருந்தது. ஆனால் இந்திய நகரங்களில் சனி, ஞாயிறு விளையாட்டு பெரும்பாலும் கம்பனிக்காரருக்கானது. அவர்கள் அணி அணியாக வந்து பாடசாலைச் சுவருக்கு வர்ணம் பூசிப் படம் எடுத்துப் போவார்கள். வாளி, தூரிகை, மதியச் சாப்பாடு எல்லாம் ஒழுங்கு செய்து, அவர்கள் போனபின் சிந்திய வர்ணத்தைக் கழுவுகிறவர் தொண்டு நிறுவன ஊழியர். அவருடைய ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் நினைவில் வருவதில்லை.

இரு நாட்டுக்கும் பொதுவான ஒரு குறை, சம்பளம் பற்றிய நம் மனம். "நான் தருகிற ஒவ்வொரு ரூபாயும் ஏழைக்கே போகவேண்டும்" என்று கொடுப்பவர் கேட்கிறார். "முழுவதும் போகிறது" என்று நிறுவனம் பெருமையாகப் போடுகிறது. அப்படியானால் அந்தப் பணத்தை ஏழையிடம் கொண்டுபோனவர் எதைச் சாப்பிட்டார்? ஏ.ரி. ஆரியரத்ன 1958இல் நாளந்தாக் கல்லூரி மாணவரோடு கனதொலுவ கிராமத்துக்குப் போய்ச் சர்வோதய இயக்கத்தைத் தொடங்கியபோது எல்லோரும் சம்பளமின்றி உழைத்தார்கள். காந்தியும் வினோபாவும் தந்த அந்தச் சிரமதான மரபை நான் வணங்குகிறேன். ஆனால் வார இறுதிச் சிரமதானம் வேறு, மாதம் முப்பது நாளும் ஆற்றுப்படுத்துகிற வேலை வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, சம்பளம் கேட்பவரைப் பேராசைக்காரராகப் பார்க்கிற பழக்கம் இரு கரையிலும் ஊறிவிட்டது.

அதன் விலையை 2022இல் இலங்கை ஊழியர்கள் கொடுத்தார்கள். டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியது. ரூபாயில் ஒப்பந்தம் எழுதிய வெளிக்கள உத்தியோகத்தர் பெற்றோல் வரிசையில் நின்று, கிடைக்காவிட்டால் சைக்கிளில் போய், தன் வீட்டில் அரிசி இல்லாத நாளில் ஊருக்கு அரிசி பங்கிட்டார். 2025 சனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது இரு நாட்டிலும் செயற்றிட்டங்கள் இடைநடுவில் நின்றன. செயற்றிட்டம் நின்றால் சம்பளமும் நிற்கும். ஓய்வூதியம் பற்றிப் பேச்சே இல்லை. இந்தியாவில் பெரிய நகரத்து நிறுவனங்களிலாவது சேமநலநிதியும் காப்புறுதியும் கிடைக்கின்றன. இலங்கையின் சிறு நிறுவனங்களில் பலருக்கு ஊழியர் சேமலாப நிதியைத் தவிர வேறொன்றும் இல்லை. "தொண்டர்" என்று பெயர் மாற்றி அதையும் கட்டாமல் விடுகிறார்கள்.

ஆகவே வாசகரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை பழைய மாணவர் சங்கத்தின் நடைபவனிக்கோ, நண்பர் ஓடும் மரதனுக்கோ பணம் கொடுக்கும்போது, இதில் ஊழியர் சம்பளத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால், உங்கள் பணத்தில் ஒரு பகுதியை அதற்கென்று எழுதிக் கொடுங்கள்.